மூன்றாவது ஓட்டை

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நாம் பேசினால் இரண்டாவது நிமிஷம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதம் என்றால் நான் முழுதாகத் திட்டி முடிக்கலாம், நீ குறுக்கே பேச முடியாது. நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியதற்குப் பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்து தேறவில்லை, பொறுத்துக்கொள். தீர்ப்பு வந்த பிறகு எதிர்த்தரப்புக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று என் வக்கீல் தலையில் அடித்துக்கொள்வார். அவருக்குத் தெரிய வேண்டாம்.

உன் தடை உத்தரவை நிறைவேற்ற நேற்று வந்தார்கள். கோர்ட் கமிஷனர், பூட்டு உடைக்க ஒருவர், படம் எடுக்க ஒருவர், உன் சார்பில் உன் மேனேஜர். பூட்டு உடைக்கிறவர் பாவம், வேலையே இல்லை. நம் கார் ஷெட் கதவுதான் இன்னும் ஒற்றைக் கீலில் தொங்குகிறதே, முழங்காலால் தள்ளினால் போதும். கமிஷனர் மரியாதையான மனிதர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உத்தரவை நின்றபடியே படித்தார். சக்கர நாற்காலிக்கான தானியங்கிப் பூட்டில் உன் காப்புரிமையை நான் மீறிவிட்டதாக நிரூபணம் ஆனதால் இனி அதை நான் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. இந்தக் கதவு எண்ணில் உள்ள எல்லாவற்றுக்கும் சீல் வைத்து, மார்ச் 28 அன்று இரு தரப்பும் பார்க்க உடைத்துவிட வேண்டும். அச்சுகள், வெட்டிய தகடுகள், பெட்டியில் கட்டி வைத்த பூட்டுகள் என்று எல்லாவற்றுக்கும் சீல் வைத்தார்கள். நானே பெட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். தோற்றவன் வேறு என்ன செய்ய?

அதற்குப் பிறகுதான் உன் மேனேஜர் வீட்டைக் காட்டி, "அங்க ஒண்ணு இருக்கு சார்" என்றார்.

கூடத்தில் அம்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள், அவளுடைய பழைய நாற்காலியில். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் ஒரே கதவு எண். உத்தரவில் 'எல்லாம்' என்று இருக்கிறது. கமிஷனர் தயங்கினார். அம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எடுத்துக்கோங்க. ஆனா நான் எழுந்திரிக்க மாட்டேன். என்னையும் சேர்த்து சீல் வைங்க" என்றாள். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு குனிந்து உட்கார்ந்து, பூட்டுத் தகட்டைத் தேடிப் பிடித்து, அதில் இருந்த மூன்றாவது ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுச் சக்கரக் கம்பியோடு சுற்றி, ஈய முத்திரையை அழுத்திவிட்டார்.

ஞாபகம் இருக்கிறதா? உன் தரப்பு நிபுணர் என்னைக் கேட்டாரே, "இரண்டு போல்ட்டுக்கு இரண்டு ஓட்டை போதுமே, மூன்றாவது எதற்கு?" என்று. நான் பேந்தப் பேந்த விழித்தேன். ஒரு உபயோகமும் இல்லாத ஓட்டையைக்கூட விடாமல் காப்பியடித்திருக்கிறான் என்று நீதிபதி எழுதிவிட்டார். அந்த ஒரு ஓட்டையில்தான் என் வழக்கே ஒழுகிப்போனது. இப்போது பதில் தெரிந்துவிட்டது, உன் நிபுணரிடம் சொல். அது சீல் வைப்பதற்கு.

சக்கரம் இப்போது அசையாது, இருக்கும் இடத்தைவிட்டுத் தூக்கி நகர்த்தவும் கூடாதாம். நாற்காலி சன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, கடிகாரத்தைப் பார்த்து நிற்கிறது. ராத்திரி நானும் என் வீட்டுக்காரியும் அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் விடுகிறோம். காலையில் மறுபடி அதில்தான் உட்கார்வேன் என்கிறாள். மார்ச் 28 அன்று அவளை எப்படி எழுப்புவது என்று உன் உத்தரவில் எழுதவில்லை.

நீயே வந்திருக்கலாம். மேனேஜரை அனுப்பினாய்.

இப்படிக்கு,
பிரதிவாதி


பிப்ரவரி 18

ஆணி,

பிரதிவாதி என்று கையெழுத்துப் போட்டால் நான் உருகிவிடுவேன் என்று நினைத்தாயோ? எப்போதும் சட்டைப் பையில் ஆணி வைத்துக்கொண்டு, துவைக்கப் போட்ட துணியில் எல்லாம் ஓட்டை போட்டவன் நீ. உனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம்.

முதலில் நாற்காலி. சத்தியமாக அது என் நினைப்பிலேயே இல்லை. ஷெட்டில் இருப்பதைக் காட்டு என்றுதான் மேனேஜரிடம் சொன்னேன். அவர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். உன் கடிதம் வந்த அன்றே வக்கீலிடம் போய், அம்மாவின் நாற்காலியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். வேறு எதைச் சொன்னாலும் பேரம் பேசுகிற மனிதர், இதற்குப் பேனாவை மூடி வைத்துவிட்டார். "மத்ததுல வேணா பாக்கலாம்மா. அதை மட்டும் விட முடியாது" என்கிறார். ஏன் என்று கேட்டால், உத்தரவு என்றால் உத்தரவுதான், ஒன்றை விட்டால் ஊரே கேட்கும் என்கிறார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருஷம் என் தொழிலைக் காப்பாற்றிக் கொடுத்தவர். எங்கள் தயாரிப்பிலேயே நல்லதாக ஒரு புது நாற்காலி அனுப்புகிறேன். அம்மாவை அதில் உட்காரச் சொல்.

இப்போது நான் திட்டும் முறை. நீ சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். அன்று காலை தொழிற்சாலைக்கு வந்து பார்த்தால் உன் மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆணி டப்பாவைக்கூட விடவில்லை நீ. ஊருக்குத் திரும்பிப் போய், அதே ஷெட்டில், அதே பூட்டை, பாதி கனத் தகட்டில் அடித்து விற்றாய். ஏழைகளுக்கு மலிவாகக் கொடுக்கிறேன் என்றாய். ஏழை விழுந்தால் வலிக்காதா? உன் தகடு வளைந்து ஒரு பெரியவர் குளியலறை வாசலில் விழுந்த கதையைக் கேட்ட அன்றுதான் நான் வக்கீலிடம் போனேன். காப்புரிமையில் உன் பெயர் இல்லை என்பது உன் பழைய பாட்டு. அப்போது நீ மைனர். மைனர் பெயரைப் போட்டால் சிக்கல் என்று மனு எழுதிய ஏஜென்ட் சொன்னார், போடவில்லை. அவ்வளவுதான்.

இதையெல்லாம் கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் மேசையில் அந்தக் கீலின் மற்ற பாதி இருக்கிறது. ஷெட் கதவிலிருந்து நாம் கழற்றினோமே, ஒரு இலையில் அம்மாவுக்குப் பூட்டு செய்தோமே, மிஞ்சிய இலை. இத்தனை வருஷமாக அதுதான் எனக்குப் பேப்பர் வெயிட். இப்போது தீர்ப்பின் நகல் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதிலும் மூன்று ஓட்டைகள். கடையில் போய் ஒரு தகடு வாங்க நமக்குக் கையில் காசில்லாமல் போனது, அதற்காகக் கதவைக் கோணலாக்கினோம். மழை உள்ளே வந்து நீ குடையைப் பிடித்துக்கொண்டு அரம் போட்டாய். அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் நிபுணர் கேள்வி கேட்டார். நான் கோர்ட்டில் உனக்கு எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதில் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு வழக்கம்போல் செருப்பு அனுப்பியிருக்கிறேன். தடித்த ரப்பர்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்கிறாள். நாலு எட்டு வைக்காத மனுஷிக்கு எப்படித்தான் இப்படித் தேய்கிறதோ.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

உன் புது நாற்காலி லாரியில் வந்து இறங்கியது. நல்ல வேலைப்பாடு, ஒத்துக்கொள்கிறேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். "பெரியவ நல்லாத்தான் பண்றா" என்றாள். பிறகு பழைய பேப்பரை எல்லாம் அதன் மேல் அடுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது அது பேப்பர் அலமாரி.

தகட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பெரியவர் விழுந்த பிறகு, முழுக் கனத்துக்கு மாறிவிட்டேன். 28ஆம் தேதி பெட்டியைப் பிரிக்கும்போது உன் மேனேஜரை ஒரு தகட்டை அளந்து பார்க்கச் சொல். அந்தப் பெரியவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவனும் நான்தான். நீ கேள்விப்பட்டதோடு சரி.

ஆனால் உன் கடிதத்தில் மழையும் குடையும் வந்த இடத்தை மூன்று தரம் படித்தேன். நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன். எல்லாம் அந்த நூலகத்தில் ஆரம்பித்தது. மேல் தட்டில் இருந்த புத்தகத்தை எடுக்க அம்மா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் ஓடிவிட்டது. அவள் பார்க்காமல் உட்கார்ந்தாள், தரையில். நாம் ஓடிப்போய்த் தூக்கினால், "முதல்ல புத்தகம் கிழிஞ்சிடுச்சா பாரு" என்றாள். ஆபீசில் டைப் அடித்த காலத்தில் தாள் கசங்கினால் சம்பளத்தில் பிடிப்பார்களாம், அந்தப் பயம் போகவே இல்லை. அன்று ராத்திரி நீ சாப்பிடாமல் ஷெட்டில் போய் உட்கார்ந்துவிட்டாய். ஆள் உட்கார்ந்தால் சக்கரம் ஓட வேண்டும், எழுந்தால் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று சாக்பீஸால் தரையில் வரைந்தாய். நான் சோபாவைக் கிழித்து ஸ்பிரிங் எடுத்துக் கொடுத்தேன். சோபாவுக்கு அம்மா திட்டியதை இரண்டு பேரும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டோம். நாம் சமமாகப் பிரித்துக்கொண்டது அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் உட்கார்ந்து எழச் சொல்லித் தண்டிப்பார்கள். எனக்கு வீட்டில் அக்கா தண்டித்தாள். உட்கார், எழுந்திரு, உட்கார், எழுந்திரு. எழும்போதெல்லாம் சக்கரம் நிற்கிறதா என்று நீ தரையில் படுத்துப் பார்ப்பாய். ஸ்பிரிங்கை மாட்டும்போது என் கை உள்ளே இருக்கும். நீ விடுவதற்கு முன்னால் ஸ்பேனரால் தரையில் இரண்டு தட்டு தட்டுவாய். நான் கையை எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு தடவை தட்ட மறந்தாய். அந்த நகம் இன்றும் கோணல்தான். என் பூட்டில் மூன்றாவது ஓட்டையை ஏன் போட்டேன் என்று இப்போது சொல்கிறேன். அது இல்லாமல் ஒரு தகடு வெட்டிப் பார்த்தேன். வேறு யாரோ செய்தது மாதிரி இருந்தது. இதை நீதிபதியிடம் எப்படிச் சொல்ல?

இங்கே நிலைமை அவ்வளவு நல்லதாக இல்லை. அம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள். தெருவைப் பார்க்க வேண்டுமாம். நேற்று மடியில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். கம்பியை வெட்டினால் கோர்ட் அவமதிப்பு, ஜெயிலுக்குப் போவது நான் என்று விளக்கினேன். "நான் வெட்டினா நான்தானே போகணும்? அங்க சன்னல் இருக்குமா கேளு" என்கிறாள். கத்தரிக்கோலை ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். புது அச்சுகள், பெட்டி பெட்டியாகச் சரக்கு, எல்லாவற்றிலும் பேரம் பேசத் தயாராக இருக்கிற உன் வக்கீல், சீட்டு கிழிந்த அந்தப் பழைய நாற்காலிக்கு மட்டும் ஏன் இப்படி அலைகிறார்? அவரையே கேள். சும்மா விடாதே. நான் சொல்ல மாட்டேன்.

ஆணி


மார்ச் 4

ஆணி,

கேட்டேன். அவர் மூன்று தடவை நழுவினார். கடைசியில், பதில் சொல்லாவிட்டால் கோப்பை எடுத்துக்கொண்டு வேறு வக்கீலிடம் போய்விடுவேன் என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

காப்புரிமை என்றால் மனுப்போடும் நாளில் பொருள் புதிதாக இருக்க வேண்டுமாம். அதற்கு முன்னாலேயே பத்துப் பேர் பார்க்கப் பொது இடத்தில் புழங்கியிருந்தால் அது புதிது இல்லை, காப்புரிமை செல்லாது. "உங்க அம்மா நாற்காலி அதுக்கு முந்தியே ஊர் சுத்தியிருக்கும்மா. அப்பீலுக்கு இன்னும் நாள் இருக்கு. அது உங்க தம்பி கையில இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது" என்றார். அதற்குத்தான் மார்ச் 28 அன்று உடைக்க வேண்டும் என்கிறார். நாற்காலியை அல்ல, சாட்சியை.

மனுப்போட்ட அன்று ஏஜென்ட் என்னைக் கேட்டது, "யாருக்காவது வித்திருக்கீங்களா?" என்றுதான். இல்லை என்றேன். உண்மைதானே. அம்மா உட்கார்ந்து ஊர் சுற்றுவது ஒரு குற்றம் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு முன்னால் இரண்டு வருஷம் அவள் சும்மாவா போனாள்? நூலகத்தில் எழுந்து நிற்பாள், தபாலாபீசில் எழுந்து நிற்பாள். "என் பிள்ளைங்க செஞ்சது, தள்ளிப் பாருங்க" என்று வரிசையில் நிற்கிற எல்லாரையும் தள்ளச் சொல்வாள். பாங்க் காசாளர் கூண்டை விட்டு வெளியே வந்து தள்ளினார். நாம் கூச்சத்தில் தூணுக்குப் பின்னால் நிற்போம், ஆனால் போகவும் மாட்டோம், அவர் தள்ளி முடிக்கிற வரைக்கும். ஊரே தள்ளிப் பார்த்த பூட்டைப் புதிது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதை வைத்து உன்னைக் கோர்ட்டுக்கு இழுத்தேன்.

உனக்கு இது தெரியும். எப்போதிலிருந்து தெரியும்? விசாரணையின்போதே தெரிந்திருந்தால் அந்த நாற்காலியைக் கோர்ட்டுக்குள் உருட்டி வந்திருந்தாலே போதுமே. ஏன் செய்யவில்லை? பெரிய மனசு என்று நான் புகழ வேண்டுமா? தோற்றுப்போய் என்னைக் கடனாளியாக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு உன் மேல் வந்த கோபம் இந்தத் தாளில் அடங்காது.

நிதானமாகவும் ஒன்று கேட்கிறேன். என்னை நம்பி ஒரு தொழிற்சாலை முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பூட்டு எங்களுடையது மட்டும் இல்லை என்று ஆகிவிட்டால், பெரிய கம்பெனிகள் மறுநாளே இறங்கி எங்களை விழுங்கிவிடும். நாற்காலியை நான் விடுவித்தால் நீ அப்பீலில் அதைக் காட்டுவாயா? காட்ட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

எழுதித் தர மாட்டேன்.

வழக்கு ஆரம்பித்தபோதே தெரியும். என் வக்கீல் வக்காலத்தில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தார். அம்மாவின் நாற்காலியில் கதவுக் கீலைப் பார்த்துவிட்டு இது எந்தக் காலத்தது என்று கேட்டார். அம்மா ஆதியோடந்தமாகச் சொன்னாள். உனக்குத்தான் தெரியுமே, அவளைக் கேட்டால் பாங்க் காசாளர் சட்டையின் நிறம் வரை சொல்வாள். மனிதர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். முதல் நாளே ஜெயித்துவிடலாம் என்றார். அம்மாவைக் கூண்டுக்குப் பக்கத்தில் உருட்டி நிறுத்தி, மகள் மனுப்போட்டதற்கு முன்னாலேயே இதில் ஊர் சுற்றினேன் என்று அவள் வாயால் சொல்ல வைத்தால் போதுமாம்.

அவளுக்குப் பெருமையாக மிச்சம் இருப்பது அந்த ஒரு கதைதான். அதைச் சொல்ல வைத்து உன்னை விழ வைக்க என்னால் முடியவில்லை. இது பெரிய மனசு இல்லை, அக்கா. எனக்கு உன்னிடமிருந்து பாதி வேண்டியிருந்தது. முழுதையும் உடைக்க எனக்கு ஆசை இல்லை. அச்சு போனால் வேறு அச்சு அடிக்கலாம். நானும் நீயும் மழையில் செய்தது செல்லாது என்று ஒரு தீர்ப்பு வந்தால், அதற்குப் பிறகு நான் எதை நினைத்துக்கொண்டு வேலை செய்வது?

இத்தனைக்குப் பிறகும் நீ கையெழுத்துக் கேட்கிறாய். விசாரணை முழுக்க நான் வாயைத் திறக்காததற்கு என்ன கையெழுத்துப் போட்டிருந்தேன்? நம்பினால் நம்பு. நம்பாவிட்டால் 28ஆம் தேதி சுத்தியலோடு ஆள் அனுப்பு. வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன்.

அம்மா இரண்டு நாளாகப் பேப்பர் படிக்கவில்லை. கடிகாரத்தை மாட்டிய ஆணியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். இப்போது வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புது நாற்காலியில் தூக்கி வைத்துச் சன்னலோரம் கொண்டுபோகிறேன் என்றால் தலையை ஆட்டுகிறாள். கட்டாயப்படுத்தினால், "இதுல உக்காந்தாதான் நீங்க ரெண்டு பேரும் வீட்ல இருக்கிற மாதிரி இருக்கு" என்கிறாள். இதற்கு நான் என்ன சொல்ல? நீதான் படித்தவள், சொல்.

ஆணி


மார்ச் 17

ஆணி,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் உன்னைத் திட்டினேன். அதற்குப் பிறகு திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

நேற்று நானே கோர்ட்டுக்குப் போனேன். போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வக்கீலும் உள்ளே வரை வந்தார். நான் எழுந்து, சீல் வைத்ததில் ஒரு நாற்காலியை விடுவிக்க வேண்டும் என்றேன். உத்தரவு பிரதிவாதி செய்த பொருட்களுக்குத்தான், அது பிரதிவாதி செய்தது இல்லை என்றேன். நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "பின்ன யார் செஞ்சது?" என்றார்.

"நான். என் தம்பி கூட இருந்தான்."

"எப்போ?"

வக்கீல் என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, சொல்லாதே என்று தலையை மட்டும் லேசாக ஆட்டினார். ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் என்ன செய்திருப்பார்கள்? ஆனால் அம்மா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நீ எழுதியது நெஞ்சில் நின்றது. மனுப்போடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் என்றேன். அதில்தான் அம்மா ஊரெல்லாம் போய் வந்தாள் என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க சொல்றது என்னன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றேன். ஓரத்தில் இருந்த பெண் அதை டைப் அடித்தாள். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். ஏழு மணிக்கு அம்மா ஆபீசிலிருந்து வராவிட்டால் நாம் போய் வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போமே, அது.

ஆக, எழுத்தில் ஏறிவிட்டது. நீ காட்டாவிட்டாலும் இனி எவன் வேண்டுமானாலும் அதை எடுத்துக் காட்டி என் காப்புரிமையைக் கவிழ்க்கலாம். என்றைக்கு என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. எண்ணெயாக நின்ற மேனேஜர் இப்போது பிண்ணாக்காக நிற்கிறார், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வக்கீல் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

28ஆம் தேதி கமிஷனரே வந்து நாற்காலிச் சீலை எடுத்துவிடுவார். மற்றதெல்லாம் உடையும். அதில் நான் இறங்கி வர மாட்டேன். நீ முழுக் கனத்துக்கு மாறியது சரி, அந்தப் பெரியவர் விழுந்த பிறகுதானே மாறினாய். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதோடு சேர்த்து உன்னைத் தேடுகிறது. இரண்டும் ஒரே மனசுக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சீலை எடுத்ததும் அம்மாவைச் சன்னல் பக்கம் திருப்பி வை.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

உடைத்தாகிவிட்டது. அச்சுகளை ஷெட் வாசலில் போட்டு ஒவ்வொன்றாக அடித்தார்கள். நானே சுத்தியலை வாங்கி இரண்டை உடைத்தேன், அடுத்தவன் அடிப்பதைப் பார்ப்பதைவிட அது தேவலாம். அப்பீலுக்குக் கடைசி நாளும் போய்விட்டது. நான் போடவில்லை. இனி கதவுக் கீல் அடிக்கலாம் என்று இருக்கிறேன். முதல் ஜோடி ஷெட் கதவுக்கு. கருவிகளைக் குறிக்கும்போது சுவரில் நீலத் துணி சுற்றித் தொங்கும் சின்ன ஸ்பேனரைக் கமிஷனர் காட்டினார். அது என்னுடையது இல்லை, வாதியுடையது என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

கடைசியாகக் கூடத்துக்கு வந்து நாற்காலியின் கம்பியை வெட்டினார். மூன்றாவது ஓட்டைக்கு மறுபடி வேலை போனது. நான் அம்மாவைச் சன்னலோரம் உருட்டினேன். தெருவைப் பார்த்ததும் அவளுக்கு முகமே வேறாகிவிட்டது. உற்சாகத்தில், கமிஷனர் இருக்கிறாரே என்று நான் பெருமையாக, "எழுந்து நில்லும்மா, சார் தள்ளிப் பாக்கட்டும்" என்றேன். அம்மா அசையவில்லை. வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. கையைப் பிடித்து எழுப்பினேன்.

நாற்காலி பின்னால் ஓடிவிட்டது.

சுவரில் போய் இடித்து நின்றது. நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் தரையைப் பார்க்கிறாள். அங்கே அவளுடைய இடது கால் செருப்பு கிடக்கிறது. எழுவதற்கு முன்னால் காலாலேயே அதைக் கழற்றிச் சக்கரத்துக்கு அடியில் தள்ள வேண்டுமாம். நான் அவசரப்படுத்தியதில் தள்ளவில்லை. ஸ்பிரிங் போய் வருஷக்கணக்காகிறது, அக்கா. நான் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கே வந்த அதே வருஷம். தடித்த ரப்பர் செருப்பு எதற்கு என்று இப்போது தெரிகிறதா? தெருத்தெருவாக நாற்காலிப் பூட்டு விற்ற இரண்டு பேர், ஒருத்தி செருப்பாக வாங்கி அனுப்பினாள், ஒருவன் கூடவே இருந்தும் குனிந்து பார்க்கவில்லை. அந்தப் பூட்டுக்காகக் கோர்ட் ஏறினோம்.

ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். அம்மா மெதுவாகத்தான் பதில் சொன்னாள். "செஞ்சது ரெண்டு பேரு. ஒருத்தர் மட்டும் தொட்டா இன்னொருத்தர் செஞ்சது இல்லேன்னு ஆயிடும். நீங்க சேர்ந்து வர்ற வரைக்கும் செருப்பு போதும்னு இருந்தேன்."

கமிஷனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொல்லாமலே கிளம்பிவிட்டார்.

உத்தரவை எடுத்துத் திரும்பவும் படித்தேன். அந்தப் பூட்டைச் செய்யவோ, மாற்றவோ, பழுது பார்க்கவோ எனக்குத் தடை. சட்டப்படி அதைத் தொடக்கூடியவள் நீ ஒருத்திதான். நான் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மா ஒரு கால் செருப்போடு சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரைப் பார்க்கிறாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேனேஜரை அனுப்பாதே. ஸ்பேனரும் கொண்டு வராதே, உன்னுடையது அதே ஆணியில் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங் மட்டும் எடுத்து வா. பிடித்துக்கொள்வதற்குத் தடை ஒன்றும் இல்லை என்று என் வக்கீல் சொல்கிறார். என் கை உள்ளே இருக்கும். விடுவதற்கு முன்னால் இரண்டு தட்டு தட்டு.

ஆணி